ஐயமும் நம்பிக்கையும்

புதுச்சேரிக்கு வடக்கே, கடலை ஒட்டிச் செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையில், ஏறத்தாழ 35 கிலோமீட்டர் தொலைவில் அமைந்துள்ளது மரக்காணம் என்னும் பழம்பதி. சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினம் இவ்வூரே என்பது அறிஞர் பலர் கொள்கை. சோழர் காலக் கல்வெட்டுகளைத் தாங்கி நிற்கும் பூமீசுவரர் கோயில் இவ்வூரின் பழைமைக்குச் சான்று பகரும். ஊரைக் கடந்து சென்றால், கண்ணுக்கெட்டிய தூரம் வரையில் பாத்தி பாத்தியாக உப்பளங்கள் விரிந்து கிடக்கும். கோடைக்கால நண்பகலில் அவ்வழியே செல்வோர், வரப்புகளின்மேல் உப்புக் குவியல்கள் வெண்குன்றுகள் போல் வரிசையாக நிற்பதைக் காணலாம்.

உப்பு விளைவிப்பது பொறுமைமிக்க தொழிலாகும். மழைக்காலம் ஓய்ந்தபின் தொழிலாளர்கள் பாத்திகளில் படிந்த சேற்றை வாரி வெளியேற்றுவர். களிமண் தரையைக் காலால் மிதித்து மிதித்துக் கெட்டிப்படுத்துவர். பின்னர் உவர்நீரைப் பெரிய பாத்திகளில் தேக்குவர். வெயிலும் காற்றும் நீரை வற்றச் செய்ய, உவர்ப்பு மிகும். அந்நீரை அடுத்த பாத்திக்கும், அதன்பின் உப்பு விளையும் பாத்திக்கும் பாய்ச்சுவர். ஆயிரம் பங்கு கடல்நீரில் உப்பு வகைகள் ஏறத்தாழ 35 பங்கே உள்ளன. நீரில் கரைந்து கண்ணுக்குப் புலப்படாதிருந்த அவ்வுப்பு, பல நாள் காத்திருப்பிற்குப் பின்னர் வெண்மணிகளாய்த் தரையில் படியத் தொடங்கும். எஞ்சிய கசப்பு நீரை வடித்துவிட்டு, விளைந்த உப்பை வாரிக் கரையேற்றுவர். காலம் தப்பி ஒரு மழை பெய்துவிட்டால், பல நாள் உழைப்பும் ஓரிரவிலே கரைந்து போகும்.

இவ்வுப்பளங்களில் நாற்பது ஆண்டுகள் உழைத்து ஓய்ந்த முதியவர் ஒருவர் மரக்காணத்தில் வாழ்ந்து வந்தார். உவர்நீரில் நின்று நின்று அவர் பாதங்கள் வெடித்திருந்தன; வெண்ணிறப் பாத்திகளைப் பார்த்துப் பார்த்து அவர் கண்களும் ஒளி குன்றியிருந்தன. அவருடைய குடும்பம் கிறித்தவக் குடும்பம். அவர் மனைவியார் பக்தி மிகுந்தவர். 2004-ஆம் ஆண்டின் மழைக்காலத்தில், கைக்குழந்தையாயிருந்த அவர்தம் பேத்தி கடுங்காய்ச்சலுற்றுக் கிடந்தாள். அப்பொழுது அவ்வம்மையார் ஒரு நாணயத்தை மஞ்சள் துணியில் முடிந்து, "குழந்தை பிழைத்தால் தோமையார் மலைக்கு வந்து படியேறுவேன்" என்று வேண்டிக்கொண்டார். குழந்தை பிழைத்தது. கிறித்து பிறப்பு விழா முடிந்ததும் சென்னைக்குப் புறப்படுவது என்று முடிவு செய்திருந்தனர்.

விழாவிற்கு மறுநாள், டிசம்பர் 26-ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை. மீன் வாங்கிவரக் குப்பத்துக்குச் சென்ற அம்மையார் திரும்பி வரவில்லை. அன்று காலையில்தான் ஆழிப்பேரலை தமிழ்நாட்டுக் கரையெங்கும் ஏறிப் பல்லாயிரவர் வாழ்வைச் சிதைத்தது.

முதியவர் அந்த மஞ்சள் முடிப்பை ஒரு தகரப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். அதன்பின் அவர் தோமையார் மலையைப் பற்றிப் பேசியதில்லை. ஊரார் அழைத்தால் கோயிலுக்குச் செல்வார். கடைசி வரிசையில் அமர்வார். வேண்டுதல் எதுவும் செய்யாமல் எழுந்து வருவார்.

ஆண்டுகள் இருபதுக்கு மேல் கடந்தன. பிழைத்த குழந்தை வளர்ந்து, கல்லூரியில் வரலாறு பயிலும் மாணவியானாள். ஒருநாள் தகரப் பெட்டியில் எதையோ தேடியபோது அம்முடிப்பைக் கண்டாள். அதன் கதையைத் தன் தாயிடம் கேட்டறிந்தாள். அன்று மாலை பாட்டனாரிடம் சென்று, "தாத்தா, பாட்டி வேண்டிக்கொண்டது எனக்காக. ஆகவே இந்தக் கடன் என்னுடையது. என்னுடன் வாருங்கள், போய்ச் செலுத்திவிட்டு வருவோம்" என்றாள்.

முதியவர் நெடுநேரம் பேசவில்லை. பின்னர், "தோமையார் அங்கே வந்தார் என்று நீ நம்புகிறாயா, அம்மா?" என்று கேட்டார்.

"தெரியவில்லை, தாத்தா. நான் படிக்கும் வரலாறு, சான்று எங்கே என்று கேட்கச் சொல்கிறது" என்றாள் அவள்.

"நல்லது. அறியாததை அறிந்ததாகச் சொல்லாத துணைதான் எனக்கு வேண்டும். நாளைக்கே புறப்படுவோம்" என்றார் அவர்.

மறுநாள் விடியற்காலையில் இருவரும் பேருந்து ஏறினர். இடைக்கழிநாட்டின் தோப்புகளையும், இடிந்து கிடக்கும் ஆலம்பரைக் கோட்டைக்குப் பிரியும் வழியையும், ஒல்லாந்தர் கோட்டை அமைத்த சதுரங்கப்பட்டினத்தையும், பல்லவர் கற்கோயில்கள் விளங்கும் மாமல்லபுரத்தையும் கடந்து பேருந்து விரைந்தது. வணிகமும் சமயமும் படையும் கடல் வழியாக வந்து இறங்கிய கரை அது. வழியில் பேத்தி தான் கற்றவற்றைப் பாட்டனாருக்கு எடுத்துரைத்தாள்.

இயேசு பெருமானின் பன்னிரு சீடருள் ஒருவர் தோமையார். அவர் கி.பி. 52-ஆம் ஆண்டில் சேரநாட்டுக் கடற்கரையில் இறங்கினார் என்பதும், பின்னர்ச் சோழமண்டலக் கரைக்கு வந்து, 72-ஆம் ஆண்டில் மயிலாப்பூருக்கு அருகே உயிர் துறந்தார் என்பதும் தொன்றுதொட்டு வழங்கும் மரபு. சிரிய மொழியில் மூன்றாம் நூற்றாண்டில் தோன்றிய 'தோமாவின் பணிகள்' என்னும் நூல், அவர் கொண்டபர்னசு என்னும் இந்திய மன்னனிடம் சென்றதாகக் கூறும். அரண்மனை கட்டுவதற்கு மன்னன் தந்த பொருளை அவர் ஏழைகளுக்கு வழங்கிவிட்டார் என்பது அந்நூலில் வரும் கதை. அப்படி ஒரு மன்னன் இருந்தானா என்றே அறிஞர் ஒரு காலத்தில் ஐயுற்றனர். வடமேற்குப் பகுதியில் கிடைத்த நாணயங்களில் அவன் பெயர் காணப்பட்டபின் அந்த ஐயம் நீங்கிற்று.

"அப்படியானால் தோமையார் வந்ததும் உண்மை என்று ஆகிவிட்டதா?" என்று முதியவர் கேட்டார்.

"இல்லை, தாத்தா. மன்னன் இருந்தான் என்பது உறுதியாயிற்று, அவ்வளவுதான். நம் ஊருக்குத் தெற்கே புதுச்சேரிக்கு அருகிலுள்ள அரிக்கமேட்டில் 1945-ஆம் ஆண்டில் மார்ட்டிமர் வீலர் என்னும் அறிஞர் அகழ்ந்தபோது, இத்தாலி நாட்டு மட்கலங்களும் மதுச் சாடிகளின் உடைசல்களும் கிடைத்தன. முதல் நூற்றாண்டில் உரோம நாட்டுச் சரக்கு இக்கரைக்கு வந்ததை அவை காட்டுகின்றன. அவ்வழியே ஓர் அடியார் வந்திருக்கலாம் என்று சொல்லலாம். வந்தார் என்று அந்த ஓடுகள் சொல்லவில்லை" என்றாள் பேத்தி.

முற்பகலில் அவர்கள் சாந்தோம் தேவாலயத்தை அடைந்தனர். போர்த்துக்கீசியர் 1523-ஆம் ஆண்டில் எழுப்பிய கோயில் இருந்த இடத்தில், இன்று காணும் கோயில் 1896-ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்டது. வெண்ணிறக் கோபுரம் வானளாவ நிற்க, அதன்கீழ் நிலவறையில் தோமையாரின் கல்லறை எனப் போற்றப்படும் இடம் உள்ளது. அவர்தம் எலும்புகள் பண்டைக்காலத்திலேயே எடெசா நகருக்குக் கொண்டு செல்லப்பட்டன என்றும், அவை 1258-ஆம் ஆண்டில் இத்தாலி நாட்டின் ஒர்த்தோனா நகரை அடைந்தன என்றும் மரபு கூறும். ஆயினும் பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் தமிழகம் வந்த மார்க்கோ போலோ, இவ்விடத்தைக் கிறித்தவரும் இசுலாமியரும் ஒருங்கே வந்து வணங்கியதாகவும், இம்மண்ணை எடுத்துச் சென்று நோயாளிக்கு மருந்தாகக் கொடுத்ததாகவும் எழுதியுள்ளார். அவர் கண்ட நம்பிக்கையே எழுநூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட பழைமை உடையது.

தேவாலயத்தின் பின்புறத்தில், கடலை நோக்கியவாறு ஒரு மரத்தூண் நிற்கிறது. அங்கு நின்ற பெண்மணி ஒருவர், "ஐயா, இது தோமையார் நட்ட தூண். இதைத் தாண்டிக் கடல் வராது என்று அவர் சொன்னார். பேரலை வந்தபோதும் கோயிலுக்குள் நீர் புகவில்லை" என்று பக்தியுடன் கூறினார்.

முதியவர் தூணைப் பார்த்தார். அதற்கு அப்பால் அமைதியாய்க் கிடந்த கடலைப் பார்த்தார். அவர் உதடுகள் நடுங்கின. அப்பெண்மணி அகன்றபின், "இங்கே நின்ற கடல் நம் குப்பத்தில் ஏன் நிற்கவில்லை, அம்மா? வேண்டுதலைச் செலுத்த வரவிருந்தவளை அது ஏன் கொண்டு போயிற்று?" என்று கேட்டார்.

இருபது ஆண்டுகளாக அவர் எவரிடமும் கேளாத கேள்வி அது. பேத்தி ஆறுதலாக ஒரு பொய்யைச் சொல்லியிருக்கலாம். அவள் சொல்லவில்லை. "எனக்குத் தெரியவில்லை, தாத்தா. அன்று இந்தச் சென்னைக் கரையிலும் குடிசைகளில் இருந்தவர்கள் இறந்தார்கள். தூணைப் பற்றிய கதையை நம்புவோர் நம்பட்டும். அதைக்கொண்டு பாட்டி இறந்ததற்கு விளக்கம் சொல்ல என்னால் முடியாது" என்றாள். அவர் அவள் கையைப் பற்றிக்கொண்டார்.

அங்கிருந்து அவர்கள் சின்னமலைக்குச் சென்றனர். தோமையார் மறைந்திருந்ததாகச் சொல்லப்படும் சிறு குகையைக் கண்டனர். பின்னர், பரங்கிமலை என்றும் தோமையார் மலை என்றும் வழங்கும் குன்றின் அடிவாரத்தை அடைந்தபோது, பொழுது சாயத் தொடங்கியிருந்தது.

அக்குன்று ஏறத்தாழ 300 அடி உயரம் உடையது. அடியார்கள் ஏறுவதற்கு நூற்றுக்கும் மேற்பட்ட படிகள் உள்ளன. அவற்றை அமைப்பித்தவர் கோஜா பெட்ரசு உசுகான் என்னும் அர்மீனிய வணிகர். அடையாற்றின்மீது பாலம் கட்டுவதற்குப் பொருள் உதவியவரும் அவரே. வில்லியம் லாம்டன் என்பவர் இந்திய நிலப்பரப்பை அளக்கும் பெரும்பணிக்கு அடிக்கோடு அளக்கத் தொடங்கியதும் இம்மலையின் அருகிலேயாம்; ஆண்டு 1802. நிலத்தைச் சங்கிலி கொண்டு அளந்தவரும், நெஞ்சத்து வேண்டுதலைச் சுமந்து வந்தவரும் இம்மலையை நாடியே வந்தனர்.

முதியவர் வெடித்த பாதங்களோடு ஒவ்வொரு படியாக ஏறினார். பத்துப் படிக்கு ஒருமுறை நின்று மூச்சு வாங்கினார். "போதும் தாத்தா, இங்கேயே இருந்து வணங்கலாம்" என்று பேத்தி சொன்னபோது, "அவள் படியேறுவதாகத்தானே சொன்னாள்" என்று விடை கூறிவிட்டு மேலும் நடந்தார்.

மலையுச்சியிலுள்ள சிறிய கோயிலின் பீடத்தில் பழைமையான கற்சிலுவை ஒன்று பதிக்கப்பட்டுள்ளது. 1547-ஆம் ஆண்டில், போர்த்துக்கீசியர் கட்டடப் பணிக்காக நிலத்தை அகழ்ந்தபோது இக்கல் கிடைத்தது. சிலுவையின் மேற்புறத்தில் ஒரு புறா இறங்கி வருகிறது. அடியில் இதழ்கள் விரிந்து நிற்கின்றன. சுற்றிலும் வளைவாக எழுத்துகள் பொறிக்கப்பட்டுள்ளன. இதனைப் போன்ற சிலுவைகள் கேரள நாட்டின் பழைய தேவாலயங்கள் சிலவற்றிலும் உள்ளன.

"இந்த எழுத்தில் என்ன எழுதியிருக்கிறது, அம்மா? தோமையாரைப் பற்றியா?" என்று முதியவர் கேட்டார்.

பேத்தி தாழ்ந்த குரலில் விடையிறுத்தாள்: "பதினாறாம் நூற்றாண்டில் இதைப் படிக்கத் தெரியும் என்று சொன்ன ஒருவர், தோமையாரின் வரலாறே இதில் எழுதப்பட்டுள்ளது என்று கூறினார். கேட்டவர்கள் மகிழ்ந்தார்கள். தாங்கள் கேட்க விரும்பியது அதுதானே! ஆனால் பிற்காலத்தில், பர்னல் என்னும் ஆங்கில அறிஞர் 1873-ஆம் ஆண்டில் இதனை ஆராய்ந்து நூல் எழுதினார். இது பாரசீக நாட்டின் பழைய பஹ்லவி எழுத்து. ஏழாம் அல்லது எட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்பது பலர் கருத்து. எழுத்தின் பொருளைப் பற்றி அறிஞரிடையே வேறுபாடு உண்டு. ஆனால் தோமையாரின் வரலாறு இதில் இல்லை."

"பின் என்னதான் இருக்கிறது?"

"இதைச் செதுக்கிய ஒருவர், தமக்கு இரக்கம் காட்டுமாறு இறைவனிடம் கேட்டிருக்கிறார் என்று அறிஞர் சிலர் படித்திருக்கிறார்கள், தாத்தா. அவ்வளவுதான். சிறிய வேண்டுதல்."

முதியவர் அக்கல்லையே உற்று நோக்கியவாறு நின்றார். எங்கோ ஒரு நாட்டிலிருந்து கடல் கடந்து வந்த மரபினர், அரசர் புகழையோ தம் வெற்றியையோ இக்கல்லில் பொறிக்கவில்லை. தொழிலாளி ஒருவர் உளியை எடுத்து, இரக்கம் ஒன்றையே கேட்டிருக்கிறார். ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகியும் அவ்வேண்டுதல் கல்லில் நிற்கிறது.

"அவனும் என்னைப் போல் கைவேலை செய்தவன்" என்று முதியவர் மெல்லச் சொன்னார். "அவனுக்கு என்ன துன்பமோ! கேட்டது கிடைத்ததோ இல்லையோ! ஆனாலும் கேட்டான். நான் இருபது ஆண்டுகளாக ஒன்றுமே கேட்கவில்லை, அம்மா."

அவர் இடுப்பிலிருந்து மஞ்சள் முடிப்பை எடுத்தார். முடிச்சு இறுகிப் போயிருந்தது. பேத்தி அதை அவிழ்த்துக் கொடுத்தாள். துணியிலிருந்து ஒரு நாணயம் அவர் உள்ளங்கையில் விழுந்தது. அதை அவர் காணிக்கைப் பெட்டியில் இட்டார். துணியை மட்டும் மடித்து மீண்டும் இடுப்பில் செருகிக்கொண்டார். பின்னர், நெடுங்காலத்திற்குப் பிறகு முதன்முறையாக, முழந்தாளிட்டு வேண்டினார். என்ன வேண்டினார் என்று பேத்தி கேட்கவில்லை.

இருவரும் வெளியே வந்து மதிலருகே அமர்ந்தனர். கீழே நகரத்தின் விளக்குகள் ஒவ்வொன்றாக ஒளிரத் தொடங்கின. அருகிலுள்ள விமான நிலையத்திலிருந்து வானூர்தி ஒன்று எழுந்து சென்றது.

"தோமையார் வந்தாரா இல்லையா என்பதை நான் இன்னும் அறியேன், தாத்தா. மலையேறிய பின்னும் என் ஐயம் தீரவில்லை. பாட்டியின் வேண்டுதலை நான் ஐயத்துடன் செலுத்தியது தவறாகுமோ?" என்று பேத்தி கேட்டாள்.

முதியவர் புன்னகை புரிந்தார். "இந்த மலை யார் பெயரால் நிற்கிறது, அம்மா? உயிர்த்தெழுந்த ஆண்டவரை மற்றச் சீடர்கள் கண்டோம் என்று சொன்னபோது, காயத்தைத் தொட்டுப் பார்த்தாலன்றி நம்பமாட்டேன் என்றவரல்லவா அவர்? அதற்காக ஆண்டவர் அவரை விலக்கிவிடவில்லை. எட்டு நாள் கழித்து வந்து, தம் காயத்தைக் காட்டினார். ஐயம் கொண்டவர் பெயரிலுள்ள மலையில் நீ ஐயத்தோடு நிற்பது எப்படித் தவறாகும்?"

சற்று நேரம் கழித்து அவரே தொடர்ந்தார்: "பேரலை வந்த அன்று ஊரூராய்க் கோயில்களும் தேவாலயங்களும் பள்ளிவாசல்களும் கதவைத் திறந்து வைத்தன. உள்ளே வந்தவர் எந்தச் சமயத்தார் என்று கேளாமல் சோறிட்டார்கள். நானும் அந்தச் சோற்றை உண்டேன். கடல் ஏன் வந்தது என்று அவர்களில் எவரும் எனக்கு விளக்கவில்லை. ஆனால் என்னைத் தனியே விடவில்லை. அப்போது அது எனக்குப் பெரிதாகத் தோன்றவில்லை. இப்போது தோன்றுகிறது."

இரவுப் பேருந்தில் அவர்கள் ஊர் திரும்பினர். மரக்காணத்தை அடைந்தபோது நிலவொளியில் உப்பளங்கள் வெள்ளித் தகடுகள் போல் மின்னின. பாத்திகளில் உவர்நீர் அசையாது நின்றது. உப்பு இன்னும் விளையவில்லை. மறுநாளும் அதற்கு மறுநாளும் தொழிலாளர்கள் வருவர், நீரைப் பாய்ச்சுவர், காத்திருப்பர்.

வரலாறு சான்றைத் தேடுகிறது. சான்று எந்த எல்லை வரை செல்கிறதோ, அந்த எல்லையில் நின்று, இதற்குமேல் அறியோம் என்று கூறுவது அறிவின் நேர்மை. நம்பிக்கை துன்பத்திலும் துணையைத் தேடுகிறது. விரும்பியதைக் கல்லில் படித்துக்கொள்ளாமலும், பிறர் துயரத்துக்கு எளிய விளக்கம் சொல்லாமலும் இருப்பது நம்பிக்கையின் நேர்மை. இவ்விரு நேர்மைகளும் சேர்ந்த நெஞ்சில் ஐயமும் நம்பிக்கையும் பகைகொள்வதில்லை. ஒரே பேருந்தில் சென்று, ஒன்றன் கையை ஒன்று பற்றிக்கொண்டு மலையேறும் பாட்டனும் பேத்தியும் போல அவை உடன் வாழும்.